பல்லைப் பிடித்துப் பார்த்தல்: முளையத்துப் பல்லரும்பும் கூர்ப்புக் கொள்கையும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தலாகாது என்பது பழமொழி. விலைக்கு வாங்கும் மாட்டை அவ்வாறு பாராது வாங்குவார் எவருமிலர். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, வயலும் மேய்ச்சல் நிலமும் பரந்த படுவான்கரை ஊர்களில், மாட்டின் வயதை அறிய விரும்புவோர் அதன் கீழுதட்டை விலக்கி முன்பற்களையே நோக்குவர். ஏறத்தாழ இரண்டு வயதளவில் நடுவிலுள்ள சோடிப் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் எழும். பின்னர் ஒவ்வொரு சோடியாக மாறி, நாலைந்து வயதளவில் எட்டும் நிரம்பும். இவ்வெட்டும் கீழ்த்தாடைக்கே உரியன. மேற்றாடையின் முன்புறத்திற் பல்லொன்றும் இல்லை. தடித்த ஈற்றுமேடை ஒன்றே உண்டு. மாட்டுக்கு மேல் முன்பல் இல்லை என்பது மேய்ப்புத் தொழிலிற் பழகிய சிறுவரும் அறிந்த செய்தியாகும்.

இவ்வெளிய செய்தி அறிவியல் வரலாற்றில் ஒரு பெரும் வாதத்தின் உறுப்பாயிற்று. 1859ஆம் ஆண்டில் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலில், சார்ள்ஸ் டார்வின், பிறவாத கன்றின் மேற்றாடையில் ஈற்றைப் பிளந்து வெளிவராத பற்கள் உள என்று எழுதினார். மேற்பற்கள் நன்கு அமைந்திருந்த பழைய முன்னோரிடமிருந்து வந்த எச்சமே அவை என்பது அவர் முடிபு. அன்றுதொட்டு இச்சான்று கூர்ப்பைக் கற்பிப்போர் பலராலும் எடுத்தாளப்பட்டு வருகின்றது. நாளடைவில் அதனோடு வேறொரு கூற்றும் ஒட்டிக்கொண்டது. கருவில் வளரும் உயிர், தன் முன்னோர் கடந்துவந்த வடிவங்களையெல்லாம் வரிசையாகத் திரும்பவும் கடக்கின்றது என்பதே அக்கூற்று.

முன்னது திருத்தத்துடன் நிற்கவல்லது, பின்னது நில்லாதது. இரண்டையும் ஒரே மூச்சிற் கற்பிக்குங்கால், பின்னதன் வீழ்ச்சியால் முன்னதும் வீழ்ந்ததென மாணவர் மயங்க இடமுண்டு. தானமாக வந்த மாட்டுக்கு உரிய சலுகை ஆய்வுக்கு வந்த சான்றுக்கு இல்லை. எனவே முளையத்துப் பல் என்னும் இச்சான்று எதனை மெய்ப்பிக்கும், எதனை மெய்ப்பிக்காது என்பது ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் பல் தோன்றும் முறை அறியற்பாலது. முலையூட்டியின் முளையத்தில், வாயின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மேலணி தாடையின் விளிம்பு வழியே தடித்து, கீழுள்ள இழையத்துள் ஒரு நாடாப் போல இறங்குகின்றது. மனித முளையத்தில் இது ஆறாம் வாரமளவில் நிகழும். இந்நாடாவிற் சிற்சில இடங்கள் மொட்டுப்போலப் புடைக்கும். மொட்டின் அடி குழிந்து தொப்பி போலாகும். குழிவு மேலும் ஆழ்ந்து மணி போலாகும். மணியின் வடிவம் அமைந்த பின்னரே கடினப் பொருள்கள் படியத் தொடங்கும். பல்லின் வெளியே வெண்மையாய் ஒளிரும் மிளிரி மேலணிக் கலங்களிலிருந்து உண்டாகின்றது. அதன் உள்ளேயுள்ள என்புபோன்ற பன்முதலும், நடுவேயுள்ள பற்கூழும், நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து பெயர்ந்து வந்த கலங்களிலிருந்து உண்டாகின்றன. எலியின் வெட்டும் பல்லாயினும் யானையின் கடைவாய்ப் பல்லாயினும், மொட்டு, தொப்பி, மணி என்னும் இம்முறை பொதுவானது.

மேலணியும் அதன் கீழுள்ள இழையமும் ஒன்றையொன்று தூண்டினாலன்றிப் பல் உருவாகாது. ஒரு கை தட்டினால் ஓசை எழாதவாறு போல, ஒன்றின் தூண்டுதல் நின்றால் மற்றதன் வளர்ச்சியும் நின்றுவிடும். 1970ஆம் ஆண்டிற் கொல்லர், பெயாட் என்னும் ஆய்வாளர் இருவர், சுண்டெலி முளையத்தின் வெட்டும் பல்லுக்குரிய மேலணியைக் கடைவாய்ப் பல்லுக்குரிய கீழிழையத்தோடு சேர்த்து வளர்த்தனர். விளைந்தது கடைவாய்ப் பல். பல்லின் வடிவத்தை அந்நிலையில் ஆணையிடுவது கீழிழையமே என்பது இதனாற் புலனாயிற்று.

இம்முறையிலிருந்து ஒரு முக்கியமான முடிபு பெறப்படுகின்றது. ஓர் இனம் தன் பல்லை இழக்கவேண்டுமாயின், பல்லாக்கும் ஏற்பாடு முழுவதையும் களைந்தெறிய வேண்டியதில்லை. இடையில் ஒரு தூண்டுதல் குறைந்தாலே போதும். மேலும், பல்லரும்பைத் தூண்டும் இரசாயனச் சைகைகள் பல, மயிரையும் பாற்சுரப்பியையும் ஆக்குவதற்கும் பயன்படுவன. அவற்றை அடியோடு அழித்தல் உயிருக்கே கேடாகும். ஆதலின், முதிர்ந்த உடலிற் பல் மறைந்த பின்னரும், முளையத்தில் அதன் தொடக்கம் எஞ்சியிருத்தல் எதிர்பார்க்கத் தக்கதே.

இனிக் கன்றின் சான்றை நோக்குக. அசைபோடும் விலங்குகளின் முளையத்தில் மேல் முன்பல்லின் தொடக்கம் உண்டென்ற செய்தி டார்வினுக்கு முன்பே பேசப்பட்டது. 1839ஆம் ஆண்டளவில் ஸ்கொத்லாந்து உடற்கூற்றறிஞரான ஜோன் குட்சேர் இதனை எடுத்துரைத்தவருள் ஒருவர். ஆனால் தொடக்கம் என்பது வேறு, பல் என்பது வேறு. 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, செம்மறியாட்டு முளையங்களின் மேற்றாடையை நுண்சீவல்களாக்கி, அவற்றிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீளமைத்து, முன்பல் இடங்களில் எச்சநிலை அரும்புகள் இருப்பதைக் காட்டிற்று. அவ்வரும்புகள் மிளிரியும் பன்முதலும் பூண்ட பற்களாக வளர்வனவல்ல. தோன்றிச் சிறிது வளர்ந்து நின்று மறைவன.

எனவே ஈற்றினுள் மறைந்து கிடக்கும் பற்கள் என்னும் தொடர் மிகைக் கூற்றாகும். அதனைக் கேட்ட ஒருவர், பிறக்குந் தறுவாயிலுள்ள கன்றின் மேலீற்றைக் கீறினாற் சிறிய வெண்பற்கள் தென்படும் என்றே எண்ணுவார். அங்ஙனம் தென்படா. டார்வினின் சொல் தளர்ந்தது. அவர் முடிபு தளர்ந்ததா? இல்லை. என்றும் மேல் முன்பல் இல்லாதிருந்த ஓர் இனத்தின் முளையத்தில் அவ்விடத்து அரும்பு தோன்றுதற்குத் தக்க காரணம் கூறுதல் அரிது. முன்னோருக்கு அவ்விடத்திற் பல் இருந்தது, அதன் ஆக்கம் தொடக்கத்திலேயே தடைப்பட்டுவிட்டது என்று கொண்டால் எல்லாம் பொருந்தும். சொல்லைத் திருத்தியதனாற் சான்று உறுதியே பெறுகின்றது.

கன்றின் அரும்பு மெலிந்த சான்றாயின், திமிங்கிலத்தின் அரும்பு வலிய சான்றாகும். திருகோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் நீலத்திமிங்கிலங்கள் காணப்படுதல் பலரும் அறிந்ததே. உலகில் வாழும் விலங்குகளுட் பெரியதாகிய இதற்குப் பல்லே இல்லை. நகமும் கொம்பும் எப்பொருளாலானவையோ அப்பொருளாலான தகடுகள் மேற்றாடையிலிருந்து வரிசையாகத் தொங்குகின்றன. வாய்நிறைய நீரை முகந்து, தகடுகளினூடே வடித்து, உள்ளே தங்கும் சிற்றுயிர்களை விழுங்கி அது வாழ்கின்றது. இவ்வகைத் திமிங்கிலம் ஒன்றின் முளையத்திற் பல்லரும்புகள் இருப்பதை 1807ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் எத்தியன் ஜொப்றுவா செந்திலேர் அறிவித்தார். பின்வந்தோர் இதனைப் பல இனங்களில் உறுதிசெய்தனர். இவ்வரும்புகள் கன்றின் அரும்பினும் பலபடி முன்னேறி, மணிநிலையை அடைந்து, பன்முதலையும் ஆக்குகின்றன. மிளிரி மட்டும் ஆவதில்லை. பிறப்பதற்கு முன்பே அவை கரைந்து உட்கொள்ளப்படுகின்றன; வடிதகடுகள் அவற்றின் பின்னர் எழுகின்றன.

இச்சான்றின் வலிமைக்குக் காரணம் அது தனித்து நில்லாமையே. முளையம் சொல்வதைக் கற்பாறையும் சொல்கின்றது. வடிதகட்டுத் திமிங்கிலங்களின் கிளையைச் சேர்ந்தனவாயினும் பற்கள் உடையனவாய் இருந்த பழைய இனங்களின் உயிர்ச்சுவடுகள் கிடைத்துள்ளன. வட அமெரிக்காவின் ஒறிகன் பகுதியிற் கிடைத்த ஏற்றியோசீற்றசு 1966ஆம் ஆண்டிலும், அவுத்திரேலியாவிற் கிடைத்த ஜாஞ்சுசீற்றசு 2006ஆம் ஆண்டிலும் விவரிக்கப்பட்டன. மூன்றாவதாகப் பரம்பரையலகும் சான்று பகர்கின்றது. மிளிரி செவ்வனே அமைவதற்கு வேண்டிய நொதியமொன்றின் பரம்பரையலகு, வாழும் வடிதகட்டுத் திமிங்கிலங்களிடத்துப் பழுதடைந்து கிடக்கின்றது. அப்பழுது அவை எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே அந்நியத் துண்டு செருகப்பட்டதனால் நேர்ந்தது என்பது 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பல மாணவர் ஒரே வினாவுக்கு ஒரே பிழையான விடையை, ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருப்பின், அவர்கள் ஒரே ஏட்டைப் பார்த்தெழுதினர் என்று ஆசிரியர் முடிவுசெய்வார். ஈண்டும் அவ்வாறே, எல்லா இனங்களுக்கும் பொதுவான முன்னோர் ஒன்றிடத்தே அப்பழுது நேர்ந்தது என்று கொள்ளுதல் முறையாகும்.

எச்சம் என்றால் முற்றும் பயனற்றது என்று கொள்ளுதலும் தவறு. வடிதகடு தோன்றுதற்கும் அதற்கு முந்திய பல்லரும்புக்கும் தொடர்புண்டு எனக் கருதும் ஆய்வாளர் உளர். அஃது உண்மையாயினும் வாதம் குறைவுபடாது. வடிதகட்டை ஆக்குதற்குப் பன்முதல் பூண்ட பற்களை முதலில் ஆக்கிப் பின்னர் கரைக்கவேண்டும் என்ற நியதி எங்குமில்லை. பழைய வீட்டின் அத்திவாரத்தின்மேற் புதுவீடு எழுந்தால், அத்திவாரம் பயனுடையதே; ஆயினும் அது பழைய வீட்டினதே.

இதுகாறும் முளையம் உண்மையுரைத்த இடங்கள் கூறப்பட்டன. முளையத்தை நோக்கியவர் தவறிய இடமும் உண்டு. 1890களின் தொடக்கத்தில் வில்லி கூக்கென்தால், கார்ல் றோசே என்னும் செருமானிய அறிஞர்கள், பல முகடுகளையுடைய கடைவாய்ப் பல் எவ்வாறு தோன்றியது என்ற வினாவுக்கு முளையத்தைக் கொண்டு விடை கூறினர். ஊர்வனவற்றின் கூம்புபோன்ற தனிப்பற்கள் பல ஒன்றோடொன்று இணைந்தே முலையூட்டியின் கடைவாய்ப் பல்லாயின என்பது அவர்தம் கொள்கை. முளையத்திற் பல்லின் முகடுகள் தனித்தனியே கடினமாகிப் பின்னர் இணைவது போலத் தோன்றுதல் உண்மையே. ஆயினும் அவை யாவும் ஒரே அரும்பின் முகடுகள். உயிர்ச்சுவடுகளில், ஒரே பல்லின் முடியில் முகடுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்துவருதலே காணப்படுகின்றது. தனிப்பற்கள் இணைதல் காணப்படவில்லை. கூக்கென்தாலும் றோசேயும் கண்ட காட்சி பொய்யன்று. அக்காட்சியை வரலாறாக வாசித்ததே பிழை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்றும் அக்காலத்தே நிகழ்ந்தது. அமெரிக்க அறிஞரான கோப், ஒஸ்போன் ஆகியோர் 1880களில், உயிர்ச்சுவடுகளைக் கொண்டு கடைவாய்ப் பல்லின் வரலாற்றை வகுத்தனர். மேற்கடைவாய்ப் பல்லின் உட்புற முகடே மிகப் பழையது எனக் கருதிய ஒஸ்போன், அதற்கு ‘முதற்கூம்பு’ எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். முளையத்தை ஆராய்ந்தோரோ, மேற்கடைவாய்ப் பல்லில் முதலில் எழுவது வெளிப்புற முகடொன்றே என்று கண்டனர். ஒஸ்போன் தம் கொள்கையை விட்டாரல்லர். டெக்சாசு மாநிலத்திற் கிடைத்த பழம் முலையூட்டிப் பற்களைக் கொண்டு, உட்புற முகடு பின்னர் வந்ததே என்று 1956ஆம் ஆண்டிற் பிறையன் பற்றேசன் காட்டினார். முளையம் சொன்னதே மெய்யாயிற்று. எனினும், முதலிற் சூட்டிய பெயர் இன்றும் மாறாது வழங்குகின்றது. பின்வந்த முகட்டுக்கு முதற்கூம்பு என்னும் பெயர் நிலைத்தமை, அவசர முடிபுகளுக்கு ஒரு நினைவுக்கல் போலும்.

ஒரே பத்தாண்டில் முளையம் ஓரிடத்தில் அறிஞரை வழிதவறச் செய்தது, ஓரிடத்தில் வழிகாட்டிற்று. இரண்டையும் வேறுபடுத்தியவை பின்னர் கிடைத்த உயிர்ச்சுவடுகள். இதிலிருந்து பெறப்படும் விதி யாதெனின், முளையத்தின் கூற்று ஒரு சாட்சியின் கூற்று மாத்திரமே என்பது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாது தீர்ப்பு வழங்கும் நீதிமன்றம் இல்லை.

இத்தகைய விசாரணை இக்காலத்தில் ஆய்வுகூடத்திலும் நடைபெறுகின்றது. சுண்டெலியின் ஒவ்வொரு தாடைப் பாதியிலும் ஒரு வெட்டும் பல்லும் மூன்று கடைவாய்ப் பற்களும் மட்டுமே உள. இடையே பல்லற்ற வெளி ஒன்று உண்டு. எலிகளின் முன்னோருக்கு அவ்வெளியிற் பற்கள் இருந்தன. இன்றைய சுண்டெலியின் முளையத்திலும் அவ்விடத்தில் அரும்புகள் தோன்றி மடிகின்றன. பல்லாக்கும் சைகையை அடக்கும் பரம்பரையலகு ஒன்றைச் செயலிழக்கச் செய்தபோது, அவ்வெளியிற் பல்லொன்று வளர்ந்தது என 2006ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தடையை நீக்கினால் நின்றுபோன வளர்ச்சி தொடர்கின்றது. ஆகவே அரும்பு என்பது ஆய்வாளரின் கற்பனையன்று. தடுத்து நிறுத்தப்பட்ட ஆக்கமே அது.

இவ்வளவும் கண்டபின், முளையம் முன்னோர் வடிவங்களைத் திரும்பக் கடக்கின்றது என்னும் கூற்றை எளிதில் மதிப்பிடலாம். 1866ஆம் ஆண்டிற் செருமானிய அறிஞரான ஏர்ணஸ்ட் ஹெக்கல் இதனை ஒரு விதியாகவே வகுத்தார். அதற்கு முன்னரே, 1828ஆம் ஆண்டில் வொன் பேயர் என்னும் முளையவியலறிஞர், ஒரு விலங்கின் முளையம் வேறு விலங்குகளின் முதிர்ந்த வடிவங்களை ஒப்பதில்லை, அவற்றின் முளையங்களையே ஒக்கும் என்று தெளிவாகக் கூறியிருந்தார். பல்லரும்பு வொன் பேயருக்கே சான்று பகர்கின்றது. திமிங்கிலத்தின் முன்னோருக்கு இருந்த பல் மிளிரி பூண்டு, வேரூன்றி, இரையைக் கவ்வியது. முளையத்து அரும்பு இவற்றுள் ஒன்றையும் எய்துவதில்லை. அது முன்னோரின் முதிர்ந்த பல்லன்று. அம்முன்னோரும் முளையமாக இருந்த காலத்திற் கொண்டிருந்த அரும்பையே அது ஒத்திருக்கின்றது. முதல் அடிகள் பொதுவாக, பின்னடிகள் பிரிகின்றன. ஒரே வாய்க்காலிற் புறப்பட்ட நீர் வெவ்வேறு வயலுக்குப் பிரிந்து பாய்தல் போன்றது இது; ஒரு வயலின் நீர் மற்றெல்லா வயலையும் சுற்றிவந்து சேர்வதன்று.

ஹெக்கலின் கூற்றுக்கு அடியில் இருப்பது ஏணி என்னும் எண்ணம். கீழ்ப்படியிற் புழு, அதன்மேல் மீன், உச்சியில் மனிதன் என்று படிகளை அடுக்கி, ஒவ்வோர் உயிரும் அதில் ஏறுவதாகக் கொள்ளுதல் அது. இதே எண்ணம் சைவ மேடைகளிலும் சிலவேளை தலைகாட்டுவதுண்டு. மாணிக்கவாசகரின் சிவபுராணத்திற் பிறவிகள் அடுக்கிக் கூறப்படுதலைக் கொண்டு, கூர்ப்புக் கொள்கை அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்பர் சிலர். அவ்வரிசையிற் பாம்புக்குப் பின் கல்லும், மனிதருக்குப் பின் பேயும் வருகின்றமை அவர்தம் கருத்துக்குத் தடையாகும். அதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. அங்கே பேசப்படுவது ஓர் ஆன்மா பல உடம்புகளெடுத்து இளைத்த வரலாறு. கூர்ப்பு பேசுவது உடம்புகளின் வழிவழி மாற்றம். பத்தி நூலை விலங்கியல் நூலாக்குதல் இரண்டுக்கும் இழுக்காகும். திருவாசகத்தின் பெருமைக்கு டார்வினின் சான்றிதழ் வேண்டியதில்லை. டார்வினின் கொள்கைக்கும் பன்முதலும் பாறையும் பரம்பரையலகுமே போதிய சான்றாகும்.

தமிழிற் கற்பிப்போருக்கு இதில் ஒரு தனிக் கடமையுமுண்டு. அறிவியலுக்குத் தமிழ்க் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் உழைத்த விபுலாநந்த அடிகளார், மட்டக்களப்புத் தமிழகம் தன் மகனெனக் கொண்டாடும் காரைதீவினர். அத்தகைய மண்ணிற் சொற்கள் அளந்து வழங்கப்படல் வேண்டும். பல் என்பது ஒன்று. பன்முதல் பூண்டு கரையும் பல் ஒன்று. மொட்டளவில் நின்று மறையும் பல்லரும்பு ஒன்று. மூன்றையும் பல் என்ற ஒரே சொல்லால் வழங்கின், கன்றுக்கும் திமிங்கிலத்துக்கும் சுண்டெலிக்கும் உள்ள வேறுபாடு மறையும். வேறுபாடு மறைந்தவிடத்துச் சான்றின் அளவும் மறையும். அரும்பு, மொட்டு, முகை, போது, மலர் என ஒரு பூவின் பருவங்களுக்கே வெவ்வேறு பெயர் வைத்த மொழிக்கு இது அரிய செயலன்று.

கன்றின் மேற்றாடையிற் பற்கள் மறைந்து கிடக்கின்றன என்று சொல்லும் ஆசிரியரை, மாட்டுப்பட்டியில் வளர்ந்த மாணவன் ஒருவன் நாளை மறுத்துரைக்கலாம். மறுத்தபின் கூர்ப்புக் கொள்கையையே ஐயுறவும் செய்யலாம். அங்கே தோன்றிமறையும் பல்லரும்பு உண்டு, அதன் பொருள் இன்னது, அது காட்டாதது இன்னது என்று சொல்லும் ஆசிரியருக்கு நுணுக்குக்காட்டியே துணைநிற்கும்.